செய்து காட்டினால்தான் அடுத்த கேசட்

வீடியோ கேசட்டை வாடகைக்கு விடும் தொழிலில், படம் பார்த்து முடித்ததும் ரீவைண்ட் செய்து திருப்பித் தருகிறவரைக் கண்டால் எழுந்து நின்று கும்பிட வேண்டும். நான் அப்படி எழுந்து நின்ற ஞாபகம் அதிகம் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. யார் யாரோ வருவார்கள், டேப்பைச் சிக்க வைத்துக் கொண்டுவந்து தருவார்கள், கேட்டால் நம் மேலேயே எரிந்து விழுவார்கள். நீங்கள் பொறுத்துப் போயிருப்பீர்கள். நான் திருப்பி எரிந்து விழுந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவொன்றில், மாடி வீட்டின் கீழே முன்னறைதான் என் கடை. மாடியில் வீட்டுக்கார மாமாவும் மாமியும். பாண்டி பஜார் நடைபாதையில் ஹேர்பின்னும் ரிப்பனும் கூவிக் கூவி விற்றுப் போட்ட கடை இது. கைதூக்கி விட்டவர் என்று ஒருத்தரும் கிடையாது. அதனால் போர்டில் சாமி பேர்கூடப் போடவில்லை, என் பேரைத்தான் போட்டேன்: பிலோமினா வீடியோஸ்.

தெருவுக்குள் வந்த ஒயர்

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கேபிள் டிவி வந்தது. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கறுப்பு ஒயரை வீசிக் கட்டிக்கொண்டே போனார்கள். சனிக்கிழமை என்றால் படிவரை நின்ற கூட்டம், ஒரே மாதத்தில் காணாமல் போனது. புதுப்படம் வந்திருக்கிறதா என்று கேட்ட வாயெல்லாம், எங்கள் வீட்டில் நேற்றே கேபிளில் போட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போயின.

மாமா கீழே இறங்கி வந்தார். ரிடையர் ஆன மனுஷர், குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கஷ்டம். என் தொழில் முடிந்துவிட்டது என்றும், இந்த அறையை எஸ்டிடி டெலிபோன் பூத் வைக்க ஒருவர் கேட்கிறார் என்றும், தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். நான் கத்தினேன். கத்தி வேலைக்காகாது என்று தெரிந்ததும் பேரத்தில் இறங்கினேன். தீபாவளியைக் கிறிஸ்துமஸாக்கி, கிறிஸ்துமஸைப் பொங்கலாக்கி நிறுத்தினேன். அதற்கு மேல் அவர் நகரவில்லை.

"பொங்கல் வரைக்கும் இரு பிலோமினா, வேண்டாங்கல. அதுக்கப்பறம் சண்டை போடப்படாது, சாவியைக் கையில குடுத்துடணும்."

தூசி தட்டாத பெட்டி

பழைய படக் கேசட்டுகளைத் தள்ளிவிடலாம் என்று தி. நகரில் ஒரு மொத்த வியாபாரியிடம் போனேன். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், மாடியில் கடை. கடை மூலையில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே படமே இல்லை, எல்லாம் பாடம். தையல், கேக், மணப்பெண் அலங்காரம், இங்கிலீஷ் பேச்சு. ஒரு மேஜை, ஒரு டீச்சர், அவ்வளவுதான் காட்சி. ஒவ்வொன்றும் ஒன்றாம் பாகம், இரண்டாம் பாகம் என்று வரிசையாக இருந்தது. எவனும் தொடுவதில்லை என்று அவரே வாயை விட்டுவிட்டார்.

ஒயர்க்காரன் நாள் முழுக்கப் படம் காட்டுவான், ஜாக்கெட் வெட்டச் சொல்லித் தருவானா? எனக்கு உள்ளே கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. முகத்தில் காட்டுவேனா? அட்டை வெளுத்திருக்கிறது, டேப்பில் பூஞ்சை இருக்கும், டீச்சருக்குக் குரலே எழும்பவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். கூப்பிட்டார். அவர் சொன்ன விலையைக் கேட்டு மறுபடி இறங்கினேன். மறுபடி கூப்பிட்டார். கடைசியில் என் பழைய கேசட்டுகளை அவர் எடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை என் தலையிலேயே தூக்கி வைத்தார்.

"யம்மா, எட்த்துக்கினு போய்னே இரு. நீ இன்னொரு தபா படியேறி வந்தா, நான் கடையையே உனக்கு எழுதிக் குட்த்துடுவேன்."

மணி பேசிய இங்கிலீஷ்

முதலில் சிக்கியவன் ராயப்பேட்டை மணி. மருந்துக் கடையில் வேலை, மெடிக்கல் ரெப் ஆக வேண்டும் என்று ஆசை, இங்கிலீஷ் மட்டும் வராது. இங்கிலீஷ் பாகம் அத்தனையையும் ஒரே பையில் அள்ளிக்கொண்டு போனான். அந்த வாரக் கடைசிக்குள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. எல்லாம் பார்த்தாயிற்றாம். எங்கே பேசு என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஹலோ வியூவர்ஸ், வெல்கம் டு லெசன் த்ரீ" என்றான். மேலே பேசு என்றேன். மேலே இல்லை. வரவேற்பு மட்டும்தான் மனப்பாடம்.

எனக்கு வந்ததே கோபம். இவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் கேசட் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்வான். நாலு பேர் அப்படிச் சொன்னால் பொங்கலுக்கு முன்னாடியே சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். ஒன்றாம் பாகத்தை மட்டும் திருப்பி அவன் கையில் திணித்து, இதிலிருப்பதைப் பேசிக் காட்டாமல் இரண்டாம் பாகத்தைக் கண்ணில் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே சாக்பீஸால் கதவில் பெரிதாக எழுதினேன்: செய்து காட்டினால்தான் அடுத்த கேசட்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பாக்கச் சொல்ல எல்லாம் புரியுதுக்கா. டிவிய அமத்துனாத்தான் ஒண்ணும் வரமாட்டேங்குது."

கல்லா மேல் பரீட்சை

அதற்கப்புறம் என் கல்லா பரீட்சை ஹாலாகிவிட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியாது. ஆனால் பேசுகிறவன் முழுங்குகிறானா என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும், பாண்டி பஜாரில் அதுதானே பாடம். மணியை ஒரு பேனாவை எனக்கு இங்கிலீஷில் விற்கச் சொன்னேன். வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஆரம்பத்தில் ஓடிவிட்டான். போகப் போக, நான் வாங்கும்வரை விடவில்லை. கார்த்திகை முடிவதற்குள் டையைக் கட்டிக்கொண்டு மருந்துக் கம்பெனிப் பையோடு வந்து நின்றான்.

அடையாறிலிருந்து பஸ் பிடித்து வந்த சரோஜா என்ற பெண், தன் முதல் ஜாக்கெட்டை இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாகத் தைத்துக் கொண்டுவந்தாள். திருப்பி அனுப்பினேன். அழுதாள். அப்புறமும் அனுப்பினேன். மூன்றாவது ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கம் திருப்பி, தையல் ஒவ்வொன்றையும் விரலால் தடவினேன். குறை சொல்ல ஆசைதான், ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதைக் கேட்டுக் கடையே சிரித்தது.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரம் பாக்கலக்கா."

மாடியிலிருந்து வந்த தட்டு

மார்கழியில் மாமி வந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கேக் சுடும் ஓவன் ஒன்று துணி போர்த்தி மாடியில் சும்மா இருந்தது. முட்டை போடாத கேக் ஒன்றாம் பாகத்தை மாமாவுக்குத் தெரியாமல் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத் தட்டில் ஒன்றை மூடிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தேன். மேலே பழுப்பு, உள்ளே கூழ். எத்தனை நேரம் வைத்தீர்கள் என்று கேட்டதும்தான் சங்கதி வெளியே வந்தது. கேசட்டில் டீச்சர் மாவை ஓவனில் வைத்து மூடுகிறாள், அடுத்த நிமிஷம் வெந்த கேக்கை எடுக்கிறாள். மாமியும் அப்படியே அடுத்த நிமிஷம் திறந்திருக்கிறார். வேகவில்லை என்றதும் மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடி... முன்னாடியே வேறொரு கேக்கைச் செய்து வைத்திருப்பார்கள் என்று நான் சொன்னதும், டீச்சர் ஏமாற்றிவிட்டாள் என்று அவருக்கு ஆத்திரம்.

அடுத்த பாகத்தைக் கேட்டார். கடையில் ஆறேழு பேர், எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. வீட்டுக்காரி கேட்கிறார், கொடுத்துவிட்டுப் போயேன் என்று வயிறு சொல்கிறது. கொடுத்தால் சரோஜாவின் முகத்தில் எப்படி விழிப்பது? கதவைக் காட்டினேன். எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். மாமி தட்டைத் தூக்கிக்கொண்டார்.

"உன்னைக் காலி பண்ண எங்காத்து மாமா வேண்டாம்டீ, நானே போறும்."

டேப்போடு வந்தவர்

பொங்கல் முடிந்து மாமா அந்த எஸ்டிடி பூத்காரரோடு இறங்கி வந்தார். பூத்காரர் வந்ததும் வராததுமாக அளவு டேப்பை இழுத்து, கண்ணாடித் தடுப்பு எங்கே, போன் எங்கே என்று சுவரை அளக்க ஆரம்பித்தார். நான் சாவியைக் கல்லா மேல் எடுத்து வைத்தேன். சண்டை போடமாட்டேன் என்று ஒத்துக்கொண்டவள், போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்கும் அந்த ஆண்டவருக்கும்தான் தெரியும்.

அப்போதுதான் மாமி படியிறங்கி வந்தார், கையில் அதே தட்டு. அவருக்கு அங்கே மாமா நிற்பதோ டேப் ஓடுவதோ கண்ணில் படவில்லை. தட்டைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்து, ம், பாரு என்றார். காலி செய்கிற நாளிலுமா என்று நினைக்காதீர்கள், பார்த்தேன். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தேன். சுத்தமாக வந்தது. ஓரத்தை வெட்டி வாயில் போட்டேன். பஞ்சு. திரும்பி அலமாரியிலிருந்து கேக் இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். மாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மொத்தம் எத்தனை பாகம் என்று கேட்டார். எட்டு என்றேன். மாமி மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தார்.

மாமா ஒரு துண்டை எடுத்துத் தின்றார். இன்னொரு துண்டும் தின்றார். சாவியை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரை அளந்துகொண்டிருந்தவரைப் பார்த்துச் சொன்னார்:

"டேப்பைச் சுருட்டுங்கோ சார். மாசம் பூரா வேகாத கேக்கைத் தின்னவன் நான், வெந்தது இன்னிக்குத்தான் கிடைச்சிருக்கு. எட்டாவது பாகத்துல அந்த டீச்சர் என்ன பண்றாள்னு பாக்காம இந்த இடத்தை யாருக்கும் தரமாட்டேன்."

வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசினால்தான் கடை நிற்கும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் முறைத்துப் பார்த்தே நிற்க வைத்தேன்.