ஹெரிடேஜ் காட்டேஜ்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கூலித் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லைன் வீடுகளுக்கு வெள்ளையடித்து, ‘ஹெரிடேஜ் காட்டேஜ்’ என்று பலகை மாட்டி ரிசார்ட் ஆக்கிவிட்டார்கள். அங்கே வரவேற்பு வேலைக்குச் சேர்ந்த சசிரேகா, இங்கிலீஷ் வகுப்பில் படித்த வில்லா, மேன்ஷன், ரெசிடென்ஸ் எல்லாவற்றையும் நுனிநாக்கில் வைத்திருந்தாள்.

ஏழாம் நம்பர் அறையைத் திறந்துவிட்டபோது, “இதுல முன்னாடி யார் இருந்தாங்க?” என்று கேட்டார் சென்னை விருந்தாளி.

“வெள்ளைக்கார துரைங்களோட ரெசிடென்ஸ் சார்” என்றாள் கூசாமல்.

அவள் பிறந்ததே அந்த அறையில்தான். விருந்தாளி உள்ளே போனதும் திரும்பினாள். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா பேச்சியம்மா, விளக்குமாற்றோடு அப்படியே நின்றிருந்தாள்.

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அப்ப உன்னைய நான் யாரு ஊட்டுல பெத்தேன்?”