ஒரு பெயருக்கு ஒரு மணி

நாகசுப்பிரமணியன் பேச எழுந்ததும் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரலாம், அப்போதும் அவர் முன்னுரையில்தான் இருப்பார் என்பார்கள் மான்ட்ரியாலில் அவரை அறிந்தவர்கள். நாலு பேர் கூடிய இடத்தில் அவையடக்கம் சொல்லாமல் அவருக்கு நாக்கு புரளாது. கும்பகோணத்துப் பள்ளிக்கூடம் ஏற்றிவிட்ட பழக்கம். 'எனக்கு இதற்குத் தகுதி இல்லை' என்று தொடங்கி, 'இருந்தாலும்' என்ற சொல் வந்து சேர்வதற்குள் கேட்பவர்களில் இரண்டு பேராவது கொட்டாவி விட்டிருப்பார்கள். அதனால் ஒரு மனிதனுக்கு நேர்ந்ததுதான் கதை. சிரிப்பதற்கு இருப்பதில் பெரும்பங்கு இத்தோடு சரி.

பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவரும் மனைவி அலமுவும் குடியிருந்தார்கள். கீழ்த்தளத்தில், கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் ஹால்மோஷ் பெரென்ஸ், ஹங்கேரிக்காரர். குடும்பப் பெயரை முன்னால் வைப்பது அவர்கள் வழக்கம். ரஷ்யப் பிடியை எதிர்த்து எழுந்த ஐம்பத்தாறு கலவரத்தில் ஊரை விட்டு ஓடி வந்தவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஹங்கேரியர் சகோதர சங்கத்தில் அவர் ஓர் உறுப்பினர்.

அந்தச் சங்கத்துக்குப் பேச்சைவிட வேலை அதிகம். அக்டோபர் சனிக்கிழமைகளில் தனியாக இருக்கும் கிழவிகள் வீட்டுக்கெல்லாம் போய்க் குளிர்காலத்து இரட்டைச் சன்னல் மாட்டிக் கொடுப்பார்கள். பனி கொட்டினால் வாசல் வாசலாக வாரிப் போடுவார்கள். எழுபத்தொன்று மார்ச் பனிப்புயலின்போது ஒரு கிழவி தன் இரண்டாம் மாடிச் சன்னலிலிருந்து, குவிந்த பனிமேல் நேராகத் தெருவில் இறங்கி நடந்து வந்தாள். நம்பக் கஷ்டமாக இருந்தால் முதல் மாடி என்று வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் பெரென்ஸுக்கு ஏணி பிடிக்கப் போன நாகசுப்பிரமணியன் மூன்று வருஷம் அந்த ஏணியை விடவில்லை.

"நம்மாத்துச் சன்னல்ல காத்து பிச்சுண்டு வர்றது, ஊர்க் கிழவிக்கெல்லாம் ஏணி தூக்கறேளே" என்பாள் அலமு.

நவம்பரில் சங்கம் போர்வீரர்களை நினைவுகூரும். கனடாவுக்காகவோ அதன் நேச நாடுகளுக்காகவோ போரிட்டவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். ஒவ்வொருவராக எழுந்து, இறந்துபோன ஒருவருடைய பெயரைச் சொல்வார்கள். தலைவர் மேசைமணியை ஒருமுறை தட்டுவார். சொன்னவர் உட்கார்ந்துவிட வேண்டும். உரை கிடையாது. யார், எந்தப் படை என்று எவரும் கேட்கமாட்டார்கள். சொன்ன பெயருக்கு மணி தட்டியே ஆக வேண்டும்.

ஹங்கேரி இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியோடு நின்ற நாடு. அந்தப் படையில் இருந்துவிட்டுப் பிற்பாடு கனடா வந்தவர்கள் அன்றைக்கு அடுப்படியில் இருப்பார்கள். போ என்று யாரும் சொன்னதில்லை. அவர்களாகவே மேலங்கியைக் கழற்றி, முன்துணி கட்டிக்கொண்டு, குழம்பு கிளறித் தட்டுக் கழுவினார்கள். பெரென்ஸ் பதினைந்து வருஷமாகத் தட்டுக் கழுவினார்.

நாகசுப்பிரமணியனுக்கோ முன்வரிசை. அவர் போர்வை மடித்த விதத்தைப் பார்த்த தலைவர் வெர்தேஷ் காபோர், ராணுவமா என்று ஒருநாள் கேட்டார். ஆமாம், சிங்கப்பூர். ஜப்பான்காரர்களிடம் பிடிபட்டீர்களா? ஆமாம். இரண்டும் மெய்தான். காபோர் கனடாப் படையில் ஹாங்காங்கில் பிடிபட்டு, நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஜப்பான் முகாமில் கிடந்தவர். ஒரு கையில் மூன்று விரல்தான் மிச்சம். அந்தக் கையாலேயே இவரைத் தழுவிக்கொண்டார். மற்றதைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

எழுபத்திரண்டு அக்டோபரில் பெரென்ஸ் நாலு படி ஏறுவதற்குள் இரண்டு தரம் உட்கார வேண்டியிருந்தது. நுரையீரல். வசந்தத்தைப் பார்க்கமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை, சன்னல் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"என் தம்பி மிக்லோஷ். பத்தொன்பது வயசு. நாப்பத்திமூணு ஜனவரி, ரஷ்யாவில, டான் ஆத்தங்கரை. பின்வாங்கி நடந்துக்கிட்டிருந்தோம். பனியில உக்காந்தான். எழுந்திருக்கலே. நான் நடந்துட்டேன். ஊர்ல இப்ப ரஷ்யாக்காரன் கைதான், அதைப் பத்திப் பேசக் கூடாது. இங்கே பேசினா எதிரி. முப்பது வருஷமா ஒரு சபையிலயும் அவன் பேரை யாரும் சொல்லலே. நீ முன்வரிசையில இருக்கே, நாகு. ரெண்டு வார்த்தை. ஹால்மோஷ் மிக்லோஷ். எனக்கு அந்த மணி கேட்டாப் போதும்."

சொல்கிறேன் என்று நாகசுப்பிரமணியன் வாக்குக் கொடுத்தார். நண்பனுக்காகப் பெயர் சொல்வதில் தயக்கமில்லை. பொய்யாகக் கிடைத்த நாற்காலியிலிருந்தா அதைச் சொல்வது என்பதுதான் அரித்தது. அலமுவிடம் புலம்பினார்.

"ரெண்டு வார்த்தைதானே? சொல்லிட்டு உக்காருங்கோ. மிச்சத்தையெல்லாம் ஆத்துக்கு வந்து என்கிட்ட சொல்லிக்கலாம்" என்றாள் அவள்.

கூட்டத்தன்று அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் தட்டு நீட்டும் பலகணியின் கதவைப் பெரென்ஸ் திறந்துவைத்தார். முன்துணியைக் கழற்றிவிட்டு, மேலங்கியைப் பொத்தான் போட்டுக்கொண்டு, விறைப்பாக நின்றார். ஒருவர் எழுந்தார், பெயர், மணி. அடுத்தவர், பெயர், மணி. நாகசுப்பிரமணியனின் முறை வந்தது. எழுந்தார். மணிக்குப் பக்கத்தில் காபோரின் மூன்று விரல்கள் கண்ணில் பட்டன.

"இந்த நாற்காலியில் உட்கார எனக்கு அருகதை இல்லை" என்று தொடங்கினார். கூடம் நிமிர்ந்தது. சிங்கப்பூரில் பிடிபட்டது நிஜம் என்றார். ஆறே மாதத்தில், ஆங்கிலேயரை விரட்ட ஜப்பான் துணையோடு கட்டிய இந்திய தேசிய ராணுவத்தில் தாம் சேர்ந்துகொண்டதையும் சொன்னார். தம் ஊரில் அதற்கு மாலை போடுவார்கள். ஆனால் காபோர் முகாமில் பட்டினி கிடந்தபோது, தாம் ஜப்பான்காரர் கொடுத்த அரிசியைத் தின்றுகொண்டிருந்ததாகச் சொன்னார். பேசப் பேச முப்பது வருஷத்துப் பாரம் இறங்கியது. அந்தச் சுகத்தில் இன்னும் இரண்டு வாக்கியம் நீண்டது. பிறகு 'இருந்தாலும்' என்று சொல்ல வாயெடுத்தார்.

மணி அடித்தது.

காபோர் முகத்தில் கோபம் இல்லை; எதுவுமே இல்லை. அவர் தலையசைக்க, அடுத்தவர் எழுந்து தாம் சொல்ல வேண்டிய பெயரைச் சொன்னார். மணி மறுபடி அடித்தது. நாகசுப்பிரமணியன் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, போக வேறு இடம் இல்லாததால், அடுப்படிக்குப் போனார்.

பெரென்ஸ் பலகணியை விட்டு நகரவில்லை.

"பேர் எங்கே?" என்றார்.

"அதுக்குள்ள மணி அடிச்சுட்டார்."

"அது உனக்கு அடிச்ச மணி" என்றார் பெரென்ஸ். முன்துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு கழுவத் தொடங்கினார்.

மறுநாளே நாகசுப்பிரமணியன் காபோர் வீட்டுக்குப் போய், இன்னொரு முறை பெயர் சொல்ல அனுமதி கேட்டார். காபோர் வாசலிலேயே நிற்கவைத்து மரியாதையாகப் பதில் சொன்னார். பெயர் சொல்வது முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும். முன்வரிசையில் உட்காரத் தகுதி இல்லை என்று அவர்தானே சொன்னார்? சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அலமு கொடுத்தனுப்பிய ரசத்தைப் பெரென்ஸ் வாங்கிக்கொண்டார். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். நாகசுப்பிரமணியனோடு வானிலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பிப்ரவரியில் செத்துப்போனார். மண் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முடியவில்லை. இளகும்வரை, அந்த ஊர் வழக்கப்படி, பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கிடங்கில் காத்திருந்தது.

ஏப்ரல் கடைசியில் புதைத்தார்கள். ஹங்கேரியப் பாதிரியார், அடுப்படிக்காரர்கள் மூன்று பேர், அலமு, நாகசுப்பிரமணியன். காபோர் வரவில்லை. சேறும் அழுக்குப் பனியுமாக இருந்தது. யாராவது இரண்டு வார்த்தை சொல்கிறீர்களா என்று பாதிரியார் கேட்டார். நாகசுப்பிரமணியன் ஓரடி முன்னால் வந்தார்.

"ஹால்மோஷ் மிக்லோஷ்" என்றார். அவ்வளவுதான்.

அடுப்படிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிரியார் அவர் முழங்கையை மெல்லத் தொட்டு, அந்நிய நாட்டுக்காரருக்கு எங்கள் பெயர்கள் குழம்புவது சகஜம்தான் என்பதுபோல் இரக்கத்தோடு திருத்தினார்: "பெரென்ஸ். ஹால்மோஷ் பெரென்ஸ்."

அலமு கணவரைப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். முதல் மண்ணைத் தள்ளினார்கள்.