மீன்காரர் தராசில் என் வில்

எனக்கு வில் வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பா. வாங்கி வந்த நாளிலிருந்து அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தவர் அப்பா. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடுவில் நான் வில்லும் கையுமாக நின்றேன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆம்பூரில் எங்கள் பள்ளி மைதானத்துக்குச் சனிக்கிழமைகளில் வில்வித்தை மாஸ்டர் ஒருவர் வருவார். பள்ளியில் இருந்த ஒரே வில்லுக்கு அடிதடி. ஷூ கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, வேலூரில் ஒரு காலேஜ் பையன் பயன்படுத்தி விட்டுவிட்ட வில்லை எனக்கென்று பேசி முடித்துக் கொண்டுவந்தார். இருபது பவுண்டு வில் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பவுண்டு என்றால் வில்லின் எடை இல்லை, நாணை முழுசாக இழுக்க வேண்டிய பலம். இது புரியாமல் எதிர்வீட்டு அக்கா வில்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இருபது எங்க இருக்குது, ரெண்டு கூட இல்ல, நல்லா ஏமாத்திட்டாங்க" என்று உச்சுக் கொட்டினார்.

அந்த வில்லை என்னால் இழுக்க முடியவில்லை. பாதி வரைக்கும் வரும், அப்புறம் கை வெடவெடவென்று ஆடும். பல்லைக் கடித்து இழுத்தால் முகம் சிவக்குமே தவிர நாண் தாடைக்கு வராது. அம்பு ஏழெட்டு அடி தள்ளிப் போய் மண்ணில் படுத்துக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன், ஆனாலும் விடுவதாக இல்லை. எனக்கு அந்த வில்மேல் அப்படி ஒரு பைத்தியம்.

அப்பாவுக்கும் அதே கம்பெனியில் தரம் பார்க்கும் க்யூசி வேலை. தையல் ஒரு நூல் கோணினாலும் ஷூவை ரிஜெக்ட் செய்துவிடுவார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. ஒரு நாள் தீர்ப்பு சொன்னார்.

"உன் கிளாஸ் பொண்ணு ஒண்ணு இருபது பவுண்டு இழுக்குதாமே? இதுவும் இருபதுதான? அப்போ வில்லு மேல தப்பு இல்ல. நமக்கு வராது, விட்டுடு. அபாகஸ் கிளாஸ்ல சேர்த்துடலாம்."

"அண்ணா, வில்லு இருபதுக்கு ஜாஸ்தியா இருந்தா?" என்றார் சித்தப்பா.

"நீதானடா இருபதுன்னு தம்பட்டம் அடிச்ச! சரி, நிறுத்துக் காட்டு. ஜாஸ்தி இருந்தா வில்ல மாத்து. இல்லன்னா இவ நிறுத்திக்கட்டும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்."

வில்லுக்கென்றே தராசு இருப்பதாகச் சித்தப்பா போனில் தேடிக் காட்டினார். "வில்ல விட தராசு விலை ஜாஸ்தியா இருக்குது, இன்னா பேஜாருடா இது!" என்று அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்பெனியில் தோல் கெமிக்கல் நிறுக்கும் தராசு துல்லியமானது, அதில் பார்க்கலாம் என்றார். சித்தப்பா அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்: "அது தரையில கெடக்குற தராசு அண்ணா. வில்ல அதுமேல படுக்கவெச்சா எதிர்வீட்டு அக்கா கணக்குதான் வரும். நமக்குத் தொங்குற தராசு வேணும். கம்மி விலையில நானே பாக்குறேன்."

சனிக்கிழமை மத்தியானம் என்னையும் வில்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதலில் பக்கத்துத் தெரு பாய் வீடு. சவுதியிலிருந்து லீவில் வந்தவர் பெட்டி நிறுக்க, பட்டன் அமுக்கும் ஒரு பேட்டரி தராசு வைத்திருந்தார். பாய் தராசைப் பிடித்துக்கொள்ள, கொக்கியில் நாணை மாட்டி, முழு இழுப்புக்கு அடையாளமாக அம்பில் போட்டிருந்த கோடு வரைக்கும் சித்தப்பா வில்லை இழுத்தார். ஒன்பது கிலோ. பவுண்டில் இருபதுக்குச் சற்றுக் கீழே. "எடுத்துட்டுப் போ தம்பி, இன்னொண்ணு இருக்குது, சும்மாவே வெச்சுக்கோ" என்றார் பாய். சித்தப்பா முகம் வாடிவிட்டது. "இல்ல பாய், பேட்டரி தராசு நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சும்மா கிடைத்ததை ஏன் விட்டார் என்று எனக்கு எரிச்சல்.

அடுத்தது பழைய பேப்பர் கடை. அங்கே முள் ஏழு கிலோவிலேயே நின்றுவிட்டது. சித்தப்பா ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

கடைசியில் மார்க்கெட் பக்கம் மீன்காரரிடம் போனோம். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர்தான். மூலையில் கிடந்த, அவர் தெருவுக்குக் கொண்டுவரும் துருவேறிய வட்டத் தராசில் மாட்டி இழுத்தோம். முள் குதித்துப் போய்ப் பன்னிரண்டைத் தாண்டியது. "இதான் தராசு!" என்று சித்தப்பா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மீன்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா காதில் வாங்காமல் காசைக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். சட்டையெல்லாம் கவிச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் குழந்தையில் தூங்கிய தூளிக் கொக்கியில் தராசு தொங்கியது. அப்பா குனிந்து நின்று அம்பின் கோட்டையே பார்த்தார். "கோட்டுக்கு மேல இழுக்காத. நிறுத்து. அங்கதான்." பன்னிரண்டரை கிலோ. போனில் கணக்குப் போட்டார். இருபத்தேழு பவுண்டுக்கு மேல்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நான் சோப்ளாங்கி இல்லை, வில்தான் முரடு!

அப்பா தம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டார். "ஒரு காலேஜ் பையன் உன் தலையில மொளகா அரைச்சிட்டுப் போயிருக்கான். வேன் ஓட்டத் தெரிஞ்சா போதுமா? புள்ள கை இன்னாத்துக்கு ஆகும்?" சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "தப்புதான் அண்ணா, ஏமாந்துட்டேன். மாத்திக் குடுத்துர்றேன்."

அம்மா மட்டும் தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசலுக்கு மீன் வந்தால் அந்தத் தராசோடுதான் அவளுக்குச் சண்டை. முக்கால் கிலோவை ஒரு கிலோ என்று காட்டுகிறதாம். அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே போய், சித்தப்பாவுக்கு இரண்டு முட்டை ஊற்றித் தோசை சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த வாரமே லேசான வில் வந்தது. அடுத்த சனிக்கிழமை நாண் என் தாடையைத் தொட்டது. விட்டேன். அம்பு பலகையின் ஓரத்தில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. மாஸ்டர் கைதட்டினார். நான் மைதானம் முழுக்க ஓடினேன்.

இருபது பவுண்டே பதினோரு வயதுப் பிள்ளைக்கு அதிகம் என்று பின்னால் நானே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு அப்பாவுக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் நான் அழுதது மட்டும்தான்.

நான் என்ன செய்தேன்? அவருக்கு 'ஏமாளி சித்தப்பா' என்று பேர் வைத்தேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து, அவர் ஏமாந்த கதையை நடித்தே காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். ஏமாந்தவருக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.