பொய்யாய்ப் போன இரண்டு சாட்சிகள்

என் கணவருக்கு வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக் குழாய் வீங்கியிருப்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். வெடித்தால் பிழைப்பது கஷ்டம் என்றார்கள். களம்பூர் ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பீடியை மட்டும் விடவில்லை.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை. இரண்டு தொடையிடுக்கிலும் சின்னதாகத் துளை போட்டு, துணி போர்த்திய ஒரு குழாயைச் செலுத்தி, வீங்கிய இடத்துக்குள் பொருத்தினார்கள். மறுநாளே நடந்தார். எங்கள் தெருவில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் விசாரிக்க வந்தபோது, “உள்ள துணி வெச்சிருக்காங்க, ஆனா பட்டு இல்ல” என்று அவரிடம் சொல்லிச் சிரித்தார் இவர்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: “வலி இல்லைன்னா முடிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. உள்ள வெச்ச குழாய் நகரலாம், ஓரத்துல ரத்தம் கசியலாம். வெளிய ஒண்ணும் தெரியாது. வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணும், ஆயுசுக்கும்.”

முதல் வருடம் நானும் கூடப் போனேன். கசிவு இல்லை. அடுத்த இரண்டு வருடமும் நான் வேலை பார்க்கும் பள்ளியில் பரீட்சை நேரம். “நீ லீவு போடாத, நானே போய்ட்டு வரேன்” என்று விடிகாலையில் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் திரும்பினார். “நல்லா இருக்குதாம்மா. ரிப்போர்ட் அவுங்க கம்ப்யூட்டர்லயே இருக்குதாம்.” இரண்டு முறையும் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, என் புருஷனுக்கு ஸ்கேன் நல்லபடியாக வந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சாட்சி சொன்னேன். ஆண்கள் வரிசையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னார்.

நான்காம் வருடம் எனக்குக் கோடை விடுமுறை. “நானும் வரேங்க” என்றேன்.

“இந்த வெயில்ல உனக்கு எதுக்கு பேஜாரு?”

அவர் பேச்சைக் கேட்காமல் கூடவே போனேன். கவுண்டரில் இருந்த பெண், “ரெண்டு வருஷமா வரலையேம்மா” என்றாள். வந்தார் என்று நான் சண்டை பிடித்தேன். இன்னொரு தரம் நன்றாகப் பார்க்கச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஸ்கேனில் குழாயின் மேல் முனை கொஞ்சம் விலகியிருந்தது. அந்த வழியாக ரத்தம் கசிந்து, வீக்கம் முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வராந்தாவில் வைத்துக் கேட்டேன்.

“அந்த ரெண்டு நாளும் எங்கதான் போனீங்க?”

“களம்பூருக்கு. மில்லுல பேசிகினு இருந்துட்டு வந்துட்டேன்.”

“ஏன்?”

“மொத தடவ நல்லா இருக்குதுன்னாங்க. திரும்பப் போனா வேற மாதிரி சொல்லிடுவாங்களோன்னு பயம்.”

“அத எங்கிட்ட சொன்னா இன்னா? என்னிய சபையில நிக்க வெச்சி, பொய்ய சொல்ல வெச்சீங்களே.”



மறுபடியும் தொடை வழியாகவே இன்னொரு சின்னத் துண்டுக் குழாயை மேலே பொருத்தினார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கசிவு நின்றிருந்தது, வீக்கமும் சற்றுக் குறைந்திருந்தது. இந்த முறை ரிப்போர்ட்டை நானே கையில் வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தேன். உயிரோடு இருக்கிறாரே, சந்தோஷப்படு என்கிறார்கள். சந்தோஷம்தான். அவர் பயந்ததை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து இரண்டு முறை “நல்லா இருக்குதாம்மா” என்று சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் வெளியே போனவர் வர நேரமாயிற்று. “எங்க இருந்தீங்க?” என்றேன்.

“சலூன்ல கூட்டம்.”

அவர் தலையைப் பார்த்தேன். முடி வெட்டித்தான் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.