சின்னக்கருப்பன் வாங்கிய மொய்

கோச்சடையில் சட்டசபை மெம்பர் வீட்டு வாசலில் நின்று சின்னக்கருப்பன் கூப்பாடு போட்டால், வைகைக்கு அக்கரையில் மேயும் எருமை தலையைத் தூக்கிப் பார்க்கும். மனுக் கொண்டு வருகிறவர்களைப் பேர் சொல்லி உள்ளே அனுப்புவதுதான் அவன் வேலை. மாதம் ஏழு ரூபாய். நாலைக் கையில் கொடுத்துவிட்டு, மூன்றை மெம்பரே பிடித்து வைத்துக்கொண்டார்.

"உங்கையில குடுத்தா கள்ளுக்கடைக்காரன் மாடி கட்டிருவான்டா. மூத்தவ கலியாணத்துக்கு மொத்தமா வாங்கிக்க."

மூன்று வருஷம் போனது. அந்தப் பணத்தை நம்பி மூத்தவள் தங்கப்பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தான். பந்தல், அரிசி, சேலை எல்லாம் கடன்.

கலியாணத்தன்று மெம்பர் காரில் வந்து இறங்கினார். அந்தத் தெருவுக்குள் கார் வந்ததைப் பார்க்கப் பிணம்கூட எழுந்து வந்திருக்கும். நேராக மொய் எழுதுகிற இடத்துக்குப் போய்ப் பணத்தை வைத்தார். பங்காளி உக்கிரபாண்டி தொண்டை கிழியக் கூவினான்.

"மெம்பர் ஐயா மொய் நூத்தியொரு ரூவாய்!"

பொம்பளைகள் குலவை போட்டார்கள். சின்னக்கருப்பன் சிரித்த சிரிப்பில் வாய் ரெண்டு காதையும் தாண்டிப் பிடரியில் போய் முட்டியது. அவன் பெண்டாட்டி இருளாயி மட்டும் சிரிக்கவில்லை.

"யோவ், அது உன் சம்பளம்யா. அதுலயும் ஏழு ரூவா கொறையுது. மொய்யுன்னு கூவிட்டான். திருப்பிச் செய்யணும்ல?"

"அட போடி. ஐயாவுக்குத் தெரியாதாக்கும்."

பணம் கடன்காரர்களுக்கே போய்விட்டது. மறுநாள் வேலைக்குப் போனவன் தலையைச் சொறிந்தான்.

"ஐயா, அந்த மொய்யி... எஞ்சம்பளந்தானுங்களே?"

"சபையில ஊரறியச் செஞ்சத இல்லேங்கிறியா? பாக்கிக் கூலிய வாங்கித்தான் மகளக் கட்டிக் குடுத்தான்னு சொன்னா உனக்குல்லடா கேவலம்!"

தை மாதம் மெம்பர் மகனுக்குக் கலியாணம். சின்னக்கருப்பன் வீட்டுக்கும் வெற்றிலை பாக்கு வந்தது. வாங்கிய மொய்க்கு மேல் ஒரு ரூபாயாவது கூட்டிச் செய்யாதவன் ஊருக்குள் நடமாட முடியாது. மகளைச் சம்பந்தி வீட்டில் சொல்லியே கொன்றுவிடுவார்கள். இருளாயி காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றினாள். அது போதவில்லை. சினைப்பசுவும் போனது.

மெம்பர் வீட்டுப் பந்தலில் மொய் கூவ, அவனை விட்டால் வேறு யார் தொண்டை இருக்கிறது? ஊர்ப் பேரெல்லாம் இடி மாதிரிக் கூவினான். தன் பேர் வந்தது.

"சின்னக்கருப்பன்... நூத்திரெண்டு."

"என்ன பங்காளி, பந்தக்காலுக்கே கேக்கல! நல்லாக் கூவு!" என்றான் உக்கிரபாண்டி.

மறுபடி கூவினான். பொம்பளைகள் பக்கத்தில் இருளாயி முந்தானையை இழுத்து வெறுங்காதை மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதச் சம்பளத்திலும் மெம்பர் நாலைத்தான் நீட்டினார். "ரெண்டாவது மக இருக்காள்லடா."

"சரிங்கய்யா" என்று வாங்கி வந்தான்.

இருளாயி அந்த நாலையும் அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"கருப்பசாமிக்குச் சூடம் வாங்கிட்டு வாய்யா. சின்னவ வயசுக்கே வரக்கூடாதுன்னு நேந்துக்கிறேன்."