குப்பை நாளில் வண்டி ஓட்டுதல்

2009 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மரிசெல் தன் மகள் ஜூனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் டெக்சஸ் ஊரான கில்லீனில், அவர்கள் பகுதிக்கு வியாழன்தான் குப்பை லாரி வரும் நாள். வீட்டுக்கு வீடு தொட்டிகள் தெருவோரம் வந்துவிடும். அன்று காலை ஜூனைப் பள்ளிக்கு அழைத்துப்போன அவள் கணவன் கோடி, சாலையில் கிடந்த கறுப்புப் பையைக் கண்டதும் வண்டியை எதிர்ப்பக்கம் வெட்டினான். எதிரே வந்த பள்ளிப் பேருந்து மயிரிழையில் தப்பியது. ஈராக்கில் அப்படிப்பட்ட பைகளுக்குள் குண்டு இருக்கும். அங்கே ராணுவ வண்டியை அப்படி வெட்டித்தான் அவன் போரிலிருந்து உயிரோடு திரும்பியிருந்தான்.

மரிசெல் கத்தவில்லை. "நீ புள்ளைய வெச்சு ஓட்டலாம்னு எனக்கு எப்பத் தோணுதோ, அப்ப அவ உன் வண்டியில ஏறுவா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்காகத்தான் கோடி, போரிலிருந்து திரும்பியவர்களுக்கான எங்கள் மையத்துக்கு வந்தான். அவனுடைய கெட்ட கனவுகளை மருத்துவர் பார்த்துக்கொண்டார். சாலை லவெர்ன் டூலியின் பொறுப்பு.

லவெர்னுக்கு ஐம்பது வயது. ஈராக்கில் ராணுவ லாரி வரிசைகளை நடத்திப்போன சார்ஜென்ட். ஊர் திரும்பிய புதிதில், எங்கும் நிற்கக் கூடாது என்ற அங்கத்திய பழக்கத்தில் சிவப்பு விளக்குக்கு நிற்காமல் போய்ப் போலீஸிடம் மாட்டியவள். அதை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"பயப்படாதேன்னு சொல்லப் போறீங்களா, சார்ஜென்ட்?" என்றான் கோடி முதல் நாள்.

"நல்லா பயப்படு கண்ணு. ஆனா வியாழக்கிழமை விடியறதுக்குள்ள எந்திரி. உன் தெருவுல எல்லார் குப்பையையும் நீதான் வெளிய கொண்டு வைக்கணும்."

"ஈராக்குக்குப் போயிட்டு வந்தது இதுக்குத்தானா?"

"சம்பளமும் கிடையாது."

அவன் வைத்தான். பைகளைக் கட்டினான், தொட்டிகளை உருட்டினான். எதிர்வீட்டு ஹார்லன், "தொட்டிச் சக்கரம் வீட்டைப் பாத்து இருக்கணும்டா, ராணுவத்துல இதுகூடச் சொல்லித் தரலையா?" என்று வம்பிழுத்தார். பிறகு லவெர்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே தெருவில் ஓட்டினான். ஒவ்வொரு பைக்குள்ளும் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வண்டி தன் பக்கத்திலேயே போனது. அடுத்து, அவன் கைபடாத தெருக்கள். அங்கே கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், லாரி வரிசையில் ரேடியோவில் சொல்வதுபோல.

வசந்தம் வந்ததும், நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து மையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த என்னை லவெர்ன் அழைத்தாள். "பின்னாடி ஏறு. பின் சீட்டுல ஒரு உசுரு இருந்தா இவன் எப்படி ஓட்டறான்னு பாக்கணும்."

நான் ஏறியதுமே கோடியின் கழுத்து விறைத்தது. இரண்டாவது திருப்பத்தில் ஒரு கறுப்புப் பை காற்றில் உருண்டு சாலை நடுவே வந்து நின்றது. வண்டியை நிறுத்தினான். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். லவெர்ன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

"சொல்லு கண்ணு."

"பை."

"அப்புறம்?"

"கிழிஞ்சிருக்கு. பீட்சா அட்டை. குழந்தை டயப்பர்." அவன் மூச்சு விட்டான். "நாத்தம் இங்க வரைக்கும் வருது."

"எதிர்ல?"

"யாருமில்ல."

இண்டிகேட்டர் போட்டான். மெதுவாகப் பையைச் சுற்றிப் போய்த் தன் பக்கத்துக்கே திரும்பினான். ஹாரன்காரன் எங்களை முந்திக்கொண்டு நடுவிரலைக் காட்டிவிட்டுப் போனான்.

"பின் சீட்டு, உசுரோட இருக்கியா?" என்றாள் லவெர்ன்.

"இருக்கேன்."

"அப்போ இன்னொரு ரவுண்டு."

அந்தக் கோடையில் மரிசெல் தானே வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும்போது, "பாக்கலாம்" என்றாள். அடுத்த வாரமும் வந்தாள். அப்போதும் அதே சொல்தான். லவெர்ன் அவளை அவசரப்படுத்தவில்லை. அதற்குள் லவெர்னின் பக்கத்து இருக்கையில் வேறொருவன் பயிற்சிக்கு ஏறியிருந்தான்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மதியம் லவெர்னின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மரிசெல் கோடிக்கு எழுதியதை, ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் அவன் அப்படியே அனுப்பியிருந்தான்:

"வேலையில மாட்டிக்கிட்டேன். ஸ்கூல்ல இருந்து ஜூனைக் கூட்டிட்டு வந்துடு. வர்ற வழியில பாலும் வாங்கிடு."