டேங்குக்குள் கூப்பிட்ட பேர்

அரியலூர் கேஸ் கடை வேணியைக் கேட்டால் எந்தச் சிலிண்டர் எதற்கு என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள். கல்யாண மண்டபத்துப் பலூனுக்கு ஹீலியம். காற்றைவிட லேசு, நூலை விட்டால் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். எவர்சில்வர் பற்றவைக்க ஆர்கான்; காற்றைவிடக் கனம், பள்ளம் பார்த்து உட்காரும். நியான் கேட்டு இப்போது ஒருத்தரும் வருவதில்லை, எல்.இ.டி. போர்டு வந்ததோடு அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கு மவுசு போயிற்று. மூன்றுக்கும் நிறமில்லை, வாசனையில்லை, எரியாது, எதோடும் சேராது. பள்ளிக்கூடத்தில் படித்ததை அவள் மறக்கவில்லை. மறந்திருந்தால் தேவலை!

அந்தப் பாடத்தைத்தான் புருஷனிடம் ஒப்பித்தாள். வெல்டர் தமிழழகன் கவனமான ஆள். மோட்டார் கழற்றக் கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பான். அணைந்தால் இறங்க மாட்டான். வரதராஜன்பேட்டையில் பால் டேங்குக்கு உள்ளே பற்றவைக்கப் போன காலையில், "ஆர்கான் ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று கேட்டான்.

"அது எதோடயும் சேராதுங்க. ஒண்ணும் பண்ணாது."

பளபளவென்றிருக்கும் புது டேங்குக்குள் எவன் விளக்கை இறக்குவான்? காற்றுப் பட்டால் பற்றவைப்பு கெடும் என்று ஃபேனும் வைக்கவில்லை. ஆர்கான் அடியில் தேங்கி, மூச்சுவிடும் காற்றை வெளியே தள்ளிவிட்டது. குனிந்தவன் நிமிரவில்லை.

இரண்டு வருஷமாகிறது. வேணி அழவில்லை. ஆஸ்பத்திரியில் பேர் கேட்டபோது, புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாததால் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். ஊருக்கென்ன, நரம்பில்லாத நாக்கு! அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சோறு இறங்கியது, ருசி தெரியவில்லை.

போன வாரம் உடையார்பாளையத்து வெல்டர் மணிவேல் ஆர்கான் எடுக்க வந்தான்.

"எங்க வேலை?"

"பால் டேங்குதான்க்கா. உள்ளார இறங்கி அடி ஜாயின்ட் போடணும்."

"வெளிய யாரு நிப்பா?"

"எதுக்குக்கா? அது எதோடயும் சேராது, ஒண்ணும் பண்ணாது."

வேணி எழுந்து ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். "சிலிண்டரை வண்டியில ஏத்து. நானும் வரேன்."

டேங்கு வாயருகே நின்று கண்டிப்பாகச் சொன்னாள்: "அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வெளிய வரணும். நீ வந்ததும் ஃபேனை உள்ள காட்டுவேன். கூப்புட்டா பதில் சொல்லணும்."

மணிவேலுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையாட்டிவிட்டு இறங்கினான்.

"மணிவேலு!"

"இருக்கேன்க்கா."

"மணிவேலு!"

"இருக்கேன்க்கா."

மூன்றாவது தடவை பதில் வரவில்லை. டேங்கின் வாயைப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"தமிழழகா! வெளிய வா! தமிழழகா!"

மணிவேல் முகமூடியைத் தூக்கிக்கொண்டு அடித்துப்பிடித்து ஏறி வந்தான். "ஜாயின்ட் முடியட்டுமேன்னு இருந்தேன்க்கா. ஆரைக் கூப்புட்டீங்க?"

"எம் புருசனை," என்றாள். அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.